ஒருபோதும் இல்லை

ஜனவரி 8, திங்கள்

புது நாட்குறிப்பு. போன வருடத்து நாட்குறிப்பு வீட்டில் எங்கோ இருக்கிறது. அதற்கு முந்தைய வருடத்ததும் அதற்குத் துணையாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நான் மொழிபெயர்ப்பாளர். ரொறன்ரோவில் அகதி விசாரணைகளில் தமிழை ஆங்கிலமாகவும் ஆங்கிலத்தைத் தமிழாகவும் சொல்லிக் கொடுப்பது என் பிழைப்பு. பதினொரு வருடமாகச் செய்கிறேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், மாற்றமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் அந்தக் கதிரையில் இருப்பது.

வெள்ளிக்கிழமை ஒரு பெண், தன்னை மூன்று மாதம் அடைத்து வைத்திருந்தார்கள் என்று சொன்னாள். அந்த நேரம் பார்த்து நான் வழக்கறிஞருடைய கழுத்துப்பட்டியில் அச்சடித்திருந்த வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு வாத்து. ஒன்று மட்டும் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஏன் அது மட்டும் அப்படி என்று யோசிக்கும்போது என் வாய் "மூன்று நாள்" என்று சொல்லிவிட்டது. வழக்கறிஞரின் உதவியாளர் தமிழ்ப் பெண். கையைத் தூக்கிப் பிழையைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டுத் திருத்தினேன். ஆனால் அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது சனி, ஞாயிறு இரண்டு நாளும் என்னோடு வீட்டில் இருந்தது.

எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பமேலா இன்று கூப்பிட்டாள். வழக்கமாகச் சிரித்துச் சிரித்துக் கதைப்பவள். இன்று சிரிக்கவில்லை. ஒரே வருடத்தில் என் மேல் இது மூன்றாவது முறைப்பாடு. ஏப்ரலில் ஒருவர் பின்வரிசையில் இருந்து என்னைக் கவனிப்பாராம். அன்றும் தவறினால் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் இருந்து என் பெயர் போய்விடும். எனக்கு வேறு தொழில் தெரியாது. சோறுகூட ஒழுங்காக வடிக்கத் தெரியாது.

உனக்கு என்னதான் பிரச்சினை என்று கேட்டாள். வாத்து என்று சொல்ல முடியுமா?

ஜனவரி 10, புதன்

குடும்ப டொக்டரின் கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். காத்திருக்கும்போது போட்ட வாத்திய இசை நன்றாக இருந்தது. பெண் எடுத்தபோது எதற்காக அழைத்தேன் என்பது மறந்து, தலையிடி என்று சொல்லிவிட்டேன். பதினாறாம் திகதி வரச் சொன்னாள்.

ஜனவரி 16, செவ்வாய்

டொக்டர் கோவால்ஸ்கிக்கு எங்கள் குடும்பத்துச் சளி, சுகர், முழங்கால் எல்லாம் இருபது வருடமாகத் தெரியும். அம்மா அவரைக் கோவாலர் என்றுதான் சொல்வார். அறைக்குள் போன உடனேயே, தலையிடி பொய், விஷயம் வாத்து என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொம்பியூட்டரை விட்டுவிட்டுக் கதிரையை என் பக்கம் திருப்பினார். டொக்டர் ஒருவர் கதிரையைத் திருப்பினால் அது நல்ல சகுனம் இல்லை.

நிறையக் கேட்டார். நித்திரை எப்படி, மனச்சோர்வு உண்டா, அடுப்பில் வைத்ததை மறப்பதுண்டா, வீட்டுத் திறப்பைத் தேடுவதுண்டா. நான் ஒரு தாளில் கோடு போட்டேன், அவர் கூட்டிப் பார்த்தார். பிறகு ஏடிஎச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிலைக்காத குறைபாடு, என்று சொன்னார். அது குழப்படிப் பொடியன்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். எனக்கு முப்பத்தாறு வயது, நான் பொடியனும் இல்லை.

நிபுணரிடம் போனால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், ஆனால் இதைத் தானே பரிசோதித்து மருந்தும் தரலாம் என்றார். அதற்கு முறை இருக்கிறதாம். இரத்தம், இருதயப் பதிவு, பிறகு முக்கியமானது ஒன்று: பன்னிரண்டு வயதுக்கு முன்பே நான் இப்படித்தான் இருந்தேன் என்பதற்கு ஆதாரம். பள்ளிக்கூட அறிக்கைகள் கேட்டார். அவை தொண்ணூற்றைந்துச் சண்டையில் எங்கள் வீட்டுக் கூரையோடு போய்விட்டன என்றேன். அப்படியானால் வளர்த்தவர் யாராவது படிவம் நிரப்ப வேண்டும் என்றார். முன்னாள் கணவரைக் கேட்கலாமா என்றேன். மனிதர் புத்தகமே எழுதித் தருவார். பன்னிரண்டு வயதில் என்னைத் தெரியாதவர் என்பதால் செல்லாதாம்.

ஆகவே அம்மா.

ஜனவரி 20, சனி

அம்மா என்னோடுதான் இருக்கிறார். குசினி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். படிவம் ஆங்கிலத்தில். பதினெட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு பெட்டி: ஒருபோதும் இல்லை, சிலவேளை, அடிக்கடி, எப்போதும். நான் தமிழில் கேட்க வேண்டும், அவர் சொல்வதை நான் குறிக்க வேண்டும். தொழில் முறைப்படி முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

வகுப்பில் கவனிக்காமல் இருந்தாரா? இல்லை என்றார் அம்மா. என் மூன்றாம் வகுப்பு ரீச்சர் வீடு தேடி வந்து அழுததை நான் மறக்கவில்லை.

பொருட்களைத் தொலைத்தாரா? இல்லை. இந்த மனுஷி ஒரே வருடத்தில் எனக்கு நான்கு சோடிச் செருப்பு வாங்கியவர். நான்கு முறையும் ஒற்றைச் செருப்போடு வீடு வந்திருக்கிறேன்.

ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவித்தாரா? வைச்ச இடத்தில இருப்பாள் என்றார், கண்ணும் வெட்டாமல்.

இப்படியே போனது. நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொந்தத் தாய் சொல்லும் பச்சைப் பொய்யைச் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது கேள்வி, போகக் கூடாத இடங்களிலும் ஓடித் திரிந்தாரா என்பது. அம்மா கத்தியைக் கீழே வைத்தார். யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இல்லை. என்ர கையை விட்டு அவள் ஒரு நாளும் போகேல்லை."

அதையும் குறித்தேன். பதினெட்டுக்குப் பதினெட்டு, ஒருபோதும் இல்லை. பிறகு அம்மா கையெழுத்து வைத்தார், மிகத் திருத்தமாக.

ஜனவரி 21, ஞாயிறு

படிவத்தைப் பேனையால் நிரப்பியது நல்லதாகப் போயிற்று. பென்சில் என்றால் என் சத்தியம் இன்றோடு முடிந்திருக்கும்.

ஜனவரி 30, செவ்வாய்

இரத்தம் நல்லது. இருதயம் நல்லது. கோவாலர் அம்மாவின் படிவத்தை இரண்டு தரம் படித்தார். உன் தாய் ஒரு புனிதரை வளர்த்திருக்கிறார் போலிருக்கிறது என்றார்.

நான் கதையைச் சொன்னேன், செருப்பு உட்பட. நம்புகிறேன், ஆனால் தாளில் இருப்பது இதுதான் என்றார். கட்டுப்பாடுள்ள மருந்து, ஏன் கொடுத்தாய் என்று நாளை யாராவது கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டும். அம்மாவை நேரில் அழைத்து வரலாமா என்றார். மொழிபெயர்ப்பு நான் செய்யக் கூடாது. குடும்பத்தினர் செய்தால் செல்லாது. தொலைபேசியில் வேறொருவர் வருவார். என் தொழிலின் விதியையே எனக்கு விளக்கினார். பொறுமையாகக் கேட்டேன். அதாவது முதல் பாதியைக் கேட்டேன்.

பெப்ரவரி 4, ஞாயிறு

அம்மா வரமாட்டார். ஏன் என்று கேட்டால் முழங்கால் என்கிறார். முழங்காலுக்கும் அதே டொக்டர்தான் என்றேன். கோபம் வந்துவிட்டது.

எனக்கும் வந்தது. என்னைப் பற்றி ஏன் பொய் சொன்னீர்கள், எனக்கென்ன மாப்பிள்ளையா பார்க்கிறீர்கள் என்று கத்தினேன். அம்மா கத்தவில்லை. அவர் கத்தாவிட்டால்தான் எனக்குப் பயம்.

"கேக்கிறவனுக்கு இல்லை எண்டு சொல்லிச் சொல்லித்தான் உன்னையும் உன்ர அண்ணனையும் உயிரோட கொண்டு வந்தனான். பிள்ளை எங்க போனது, இல்லை. பிள்ளை ஆரோட சேர்ந்தது, இல்லை. பிள்ளைக்கு என்ன தெரியும், இல்லை. எழுதிக் குடுத்தால் அது கடைசிமட்டும் இருக்கும். பேந்து உன்ர லைசென்சைப் பறிப்பாங்கள், வேலையைப் பறிப்பாங்கள்."

அன்று வெங்காயம் உரித்த கையோடு அவர் என்ன செய்தார் என்பது எனக்கு இன்றுதான் விளங்கியது. அவர் படிவம் நிரப்பவில்லை. இராணுவக் காவலரணைத் தாண்டினார்.

அது அல்ல இது என்று எப்படிச் சொல்வது? வாத்துக் கதையைச் சொன்னேன். பட்டியலைச் சொன்னேன், ஏப்ரலைச் சொன்னேன். ஒரு பெண்ணின் மூன்று மாதத்தை நான் மூன்று நாளாக்கியதைச் சொன்னேன். அதுவரை முகத்தைத் திருப்பி வைத்திருந்தவர் அந்த இடத்தில் என்னைப் பார்த்தார்.

"மூண்டு மாசத்தையோ?" என்று கேட்டார். பின்னேரம் தன் நல்ல சீலையை எடுத்து மடித்து வைத்தார்.

பெப்ரவரி 13, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கோவாலர் மேசையில் போனை வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார். மறுபக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயர் சொல்லவில்லை, இலக்கம்தான் சொன்னார். ஆனால் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை நூறு பேருக்குள் கண்டுபிடிப்பேன். குகதாசன். அதே பட்டியலில் என்னோடு பதினொரு வருடம். அவரைவிட நான் நல்லவள் என்று ஜனவரி வரை நினைத்திருந்தேன். எனக்குக் கதிரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

அம்மா போனைப் பார்த்து முதலில் கேட்டது, தம்பி நீங்கள் எந்த ஊர் என்று. விதிப்படி குகதாசன் அதற்குப் பதில் சொல்லக் கூடாது, மொழிபெயர்க்கத்தான் வேண்டும். மொழிபெயர்த்தார். கோவாலர் தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, நான் ஹமில்டன் என்றார். குகதாசன் அதையும் தமிழில் சொன்னார். அம்மா தலையை ஆட்டினார். ஹமில்டன் ஆட்கள் பரவாயில்லை போலும்.

இந்தத் தாள் அறையை விட்டு வெளியே போகாது, பொலிசுக்கும் போகாது, அரசாங்கத்துக்கும் போகாது என்று கோவாலர் சொன்னார். கேள்விகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உங்கள் மகளைப் பார்த்துக்கொள்வது கஷ்டமாக இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றார்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தொண்ணூற்றைஞ்சில நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள். சனமெண்டால் சனம், ரோட்டில கால் வைக்க இடமில்லை. இவளுக்கு எட்டு வயசு. ஆட்டைக் கண்டால் ஆட்டுக்குப் பின்னால போவாள். ஆரும் குடை பிடிச்சால் குடைக்குப் பின்னால போவாள். மூண்டு தரம் துலைச்சு மூண்டு தரம் கண்டுபிடிச்சனான். நாலாம் தரம் என்ர சீலையைக் கிழிச்சு இவளின்ர கையை என்ர இடுப்போட கட்டிப்போட்டன். மாட்டைக் கட்டுற மாதிரி. பிள்ளைக்கு விசரோ பைத்தியமோ எண்டு ஒருத்தி கேட்டாள். இல்லையெண்டு சொன்னனான்."

குகதாசன் ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். மாட்டைக் கூட விடவில்லை.

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. கட்டியது ஞாபகம் இல்லை. அம்மா அன்று முழுக்க என்னோடு ஒட்டிக்கொண்டே நடந்தார் என்பதுதான் ஞாபகம். வேறெந்த நாளும் அவருக்கு அவ்வளவு நேரம் இருந்ததில்லை. என் சின்ன வயதில் மிகவும் சந்தோஷமான நாள் எது என்று யாராவது கேட்டிருந்தால் வெட்கமில்லாமல் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

போருக்குள் எந்தப் பிள்ளையும் அப்படி இருக்கலாம், அதற்கு முன்பு எப்படி என்று கோவாலர் கேட்டார். சரியான கேள்விதான். அம்மாவுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

"எங்கட ஊருக்குச் சண்டை வர முதலே இவள் அப்பிடித்தான். சண்டை பேந்துதான் வந்தது."

பிறகு அணை உடைந்தது. செருப்பு, ரீச்சர், கிணற்றுக்கட்டின் மேல் ஏறியது, ஐந்து வயதில் தேருக்குப் பின்னால் அடுத்த ஊர் வரை போனது. அரை மணித்தியாலம். எனக்குத் தெரியாத நானெல்லாம் வந்தேன். முடிவில் அம்மா, கட்டினது பிழையோ என்று டொக்டரைக் கேட்கச் சொன்னார். கோவாலர் பேனையை வைத்துவிட்டு, கட்டியதால்தான் உங்கள் மகள் இன்று இந்த அறைக்குள் இருக்கிறார் என்றார். குகதாசன் அதைத் தமிழில் சொல்வதற்கு முன் ஒரு முறை செருமினார். நான் அழுதேன். அம்மா சீலைத் தலைப்பைத் தந்தார்.

பெப்ரவரி 14, புதன்

ஊரெல்லாம் பூக்கொத்தோடு திரிகிறது. நான் பார்மசியில் இருந்து குளிசைப் போத்தலோடு வந்தேன்.

பெப்ரவரி 15, வியாழன்

எட்டு மணிக்குக் குளிசை. ஒன்பது மணிபோல வீடு அமைதியானது. அமைதியானது வீடு அல்ல என்பது பிறகுதான் விளங்கியது.

பாத்திரங்களைக் கழுவினேன். தொடங்கியதிலிருந்து முடியும்வரை, நடுவில் எங்கும் போகாமல். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, உடம்புக்குச் சுகமில்லையோ பிள்ளை என்று கேட்டார்.

பெப்ரவரி 24, சனி

பசி இல்லை. வாய் வறள்கிறது. சாப்பிட விடாத மருந்து என்ன மருந்து என்று அம்மா கோவாலரைத் திட்டுகிறார். குளிசைக்கு முன்பே இடியப்பம் அவித்து முன்னால் வைத்துவிட்டுக் காவல் நிற்கிறார்.

சொந்தக்காரருக்கு எனக்கு வந்த நோய் பிறஷர் என்று சொல்லியிருக்கிறார். டொக்டர் ஒவ்வொரு முறையும் பிறஷர் பார்ப்பது உண்மைதானே என்கிறார். பிறஷர் மரியாதையான வருத்தம். சித்தி, பிறஷருக்கு நல்லதென்று இரண்டு கிலோ உள்ளிப்பூண்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

மார்ச் 13, புதன்

ஒரு மாதக் கணக்கு: பிறஷர் பரவாயில்லை, நிறை இரண்டு கிலோ குறைவு, கவனம் பகல் ஒரு மணியோடு கரைகிறது. கோவாலர் அளவைக் கூட்டினார். சரியான அளவு பிடிபடும்வரை மாதாமாதம் வர வேண்டும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மருந்து எடுக்கும் காலம் முழுவதும். பார்மசியில் இரண்டு நாள் முந்திப் போனாலும் தரமாட்டார்கள். மறதிக்காரர்கள் மறக்காமல் குறித்த நாளில் வர வேண்டும் என்று விதி எழுதியவர் பெரிய பகிடிக்காரர்.

மார்ச் 19, செவ்வாய்

அளவு கூடிப்போனது. நெஞ்சு படபடக்கிறது. குளிர்பெட்டிக்கு அடியில் துடைத்தேன், பிறகு அடுப்புக்கு அடியில், பிறகு அம்மாவின் கட்டிலுக்கு அடியில், அம்மா மேலே படுத்திருக்கும்போதே. ஐந்து மணிக்கு மருந்தின் வேகம் இறங்கியதும் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அழுதேன். கோவாலருக்குப் போன் எடுத்தேன். இம்முறை காரணம் மறக்கவில்லை. இரண்டுக்கும் இடையில் ஓர் அளவு எழுதினார்.

ஏப்ரல் 3, புதன்

நடு அளவு பிடித்துவிட்டது. யாரும் ஞானியாகவில்லை. திறப்பை இன்றும் தேடினேன், ஆனால் தேடுகிறேன் என்பது கடைசிவரை ஞாபகம் இருந்தது. பமேலா திகதி அனுப்பிவிட்டாள். பதினெட்டு.

ஏப்ரல் 18, வியாழன்

பெயரும் ஊரும் எழுத மாட்டேன். இன்றைய கோரிக்கையாளர் அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர். பின்வரிசையில் என்னைக் கவனிக்க வந்தவர், வெள்ளைத் தலைமுடி, மூத்த தமிழ் மொழிபெயர்ப்பாளர். மடியில் ஒரு தாள்.

உங்களைப் பிடித்து வைத்திருந்தார்களா என்று விசாரணை அதிகாரி கேட்டார். இல்லை. அடித்தார்களா? இல்லை. எழுதிக் கொடுத்ததில் ஆம் என்று இருக்கிறதே, ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள்? அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றுமில்லை என்றார். வழக்கறிஞருக்கு வியர்த்தது. நான் ஒவ்வொரு இல்லையையும் ஆங்கிலத்தில் வைத்தேன். இவர் ஏன் இல்லை என்கிறார் என்று எனக்குத் தெரியும். சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் கதிரை அதற்கானது அல்ல.

அதிகாரி குனிந்து எழுதத் தொடங்கினார். இனி முடிவு என்ன என்பது அறையில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அப்போது அந்த மனிதர் வாய்க்குள், யாருக்கென்றும் இல்லாமல், மூச்சோடு மூச்சாக ஒன்று சொன்னார்.

"சொன்னால் அங்க இருக்கிற என்ர மகனை விட்டுவைப்பாங்களோ."

ஜனவரியில் என்றால் அந்த நேரம் நான் மேலே மின்குமிழுக்குள் செத்துக் கிடந்த பூச்சிகளை எண்ணியிருப்பேன். அறையில் பேசப்படும் எதையும் விடக் கூடாது. அதே குரலில், அதே அளவில், ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரியின் பேனை நின்றது. அவர் நிமிர்ந்து, இங்கே சொல்வது எதுவும் அங்கே போகாது என்று நிதானமாகச் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னேன். மனிதர் என்னைப் பார்த்தார், பிறகு அதிகாரியைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். பிறகு கதைக்கத் தொடங்கினார். ஐம்பது நிமிடம். ஒரு திகதி, ஓர் அறையின் நீளம், ஒரு காவலாளியின் பெயர் எதையும் நான் விடவில்லை. விட்டுவிட்டால் நல்லது என்று இருந்த இடங்களிலும் விடவில்லை.

முடிந்ததும் பின்வரிசைக்காரர் தாளைப் பைக்குள் வைத்தார். அந்த மனிதர் முணுமுணுத்த ஒரு வரி தனக்கே கேட்கவில்லை, ஒலிப்பதிவில்தான் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பெயர் பட்டியலில் இருக்கும், கவலைப்படாதே பிள்ளை என்றார்.

நடைவழியில் அந்த மனிதர் எனக்காக நின்றிருந்தார்.

"நான் அதைச் சத்தமாச் சொல்லேல்லையே, பிள்ளை. உங்களுக்கு எப்பிடிக் கேட்டது?"

என் அம்மாவும் ஒரு நாள் வாயைத் திறந்தார் ஐயா, அதனால்தான் கேட்டது என்று சொல்ல எனக்கு எவ்வளவு விருப்பமாக இருந்தது. மொழிபெயர்ப்பாளர் வெளியில் கதைக்கக் கூடாது என்பது விதி. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு லிப்டுக்குள் போனேன். கதவு மூடும்வரை அவர் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே நின்றார்.